ஏழாம் குழாய்

“நான் உங்க கடைக்குட்டி பேசுறேன். வயசு இருபத்திமூணு. வத்திப்போன ஏரி நடுவுல ஒரு தகரக் கொட்டகையில இருக்கேன்.” அவன் சொல்லச் சொல்ல போன் எழுதிக்கொண்டே போனது. வீட்டில் இருப்பது ஒரே போன். யார் கையில் அகப்படும் என்று சொல்ல முடியாது. வெளிநாட்டு வேலை என்று இவ்வளவு தூரம் போனவன் சேறு சுமக்கிறான் என்பதே அவர்களுக்கு இன்னும் செரிக்கவில்லை.

ஆராய்ச்சிக்காக ஏரிப் படுகையைத் துளைத்து எடுக்கிற சேறு மீட்டர் மீட்டராகக் குழாயில் வரும். அடியில் இருப்பது பழையது, மேலே இருப்பது புதியது என்பதால் மேல்முனை எதுவோ அதில் சிவப்பு நாடா சுற்ற வேண்டும். மழை பிடித்துக்கொண்ட அன்று, ஏழாம் குழாயின் அடிமுனையில் சுற்றிவிட்டான். இன்று காலை குழாயின் வெளிப்புறத்தைத் துடைத்தபோது, மேல்பக்கம் எது என்று அவனே பென்சிலால் போட்டிருந்த அம்புக்குறி நாடாவுக்கு எதிர்ப்பக்கம் பார்த்தது. 

அந்தக் குழாயில்தான் எல்லாமே இருந்தது. ஒரு முனையில் ஏரி காய்ந்த காலத்து உப்பு. நாடா சுற்றிய மறுமுனையில் யாரோ மூட்டிய நெருப்பின் கரி, சுட்ட எலும்புத் துணுக்குகள். ஏரி வற்றிய பிறகே மனிதர்கள் இங்கே குடியேறினார்கள் என்று, நாடாவை நம்பி, ஆராய்ச்சி மேடம் மூன்று நாளாகத் தலை நிமிராமல் எழுதிக்கொண்டிருந்தார். நடந்தது நேர்மாறு. தண்ணீர் இருந்தவரை இருந்தார்கள். மழை பொய்த்ததும் போய்விட்டார்கள். அவனுடைய வேலை நீட்டிப்புத் தாளும் அதே மேசையில் கையெழுத்துக்குக் கிடந்தது. அது இல்லையென்றால் விசா இல்லை.

துளை போடுகிறவரிடம் மட்டும் சொன்னான்.

“ஒம்பதாயிரம் வருசத்துக்கு முன்னாடி போனவன் திரும்பி வந்து கேஸ் போடப்போறானா? வாய மூடிக்கிட்டு கையெழுத்த வாங்குடா, சுருட்டை.”

“மேடம் எழுதுறது பூரா தப்பாயிடுமேண்ணே.”

“வந்துட்டாரு நீதிபதி! மழ இல்லாமத்தானே நீயும் ஊர விட்டுக் கெளம்புன? உன்ன எவன்டா தோண்டிப் பாக்கப்போறான்?”

 அந்தக் காலத்து மனிதர்கள் நெருப்பை அணைத்துவிட்டுக் கிளம்பினார்களா, எரியவிட்டே கிளம்பினார்களா என்று எந்தச் சேறும் சொல்லாது. மழை பொய்த்துத்தான் போனார்கள் என்பதாவது சரியாக இருக்கட்டும் என்று தோன்றியது. திறந்திருந்த அறைக் கதவு வழியே மேடத்தின் முதுகு தெரிந்தது. யாரிடமோ போனில் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார். அவர் முடிக்கும்வரை நின்றான். பிறகு போனை வாயருகே கொண்டுபோனான்.

“ஒரு தப்பு பண்ணிட்டேன். அதச் சொல்ல இப்ப உள்ள போறேன். வேல இருக்குமான்னு தெரியல. இத யாரு படிச்சாலும் சரி, நானா கூப்புடுற வரைக்கும் எனக்குப் போன் போடாதீங்க. அம்மா கேட்டா, நல்லா சாப்புடுறேன்னு மட்டும் சொல்லுங்க.”