ஒரே தடவை கேட்டவர்

அலெக்ஸாந்திரியாவில் எந்த அலுவலகத்துக்குள் நுழைந்தாலும் முதலில் காதில் விழும் சொல் 'ஹாதிர்'. சரி, ஆகட்டும், இதோ முடித்துவிடுகிறேன் என்பதெல்லாம் அந்த ஒரு சொல்லில் அடக்கம். முடிப்பார்களா என்பது வேறு விஷயம். முடியாது என்று முகத்துக்கு நேரே சொல்வது அங்கே மரியாதைக் குறைவு. அதனால் ஊரே ஹாதிர் சொல்லிக்கொண்டு திரியும்.

ரீஹாம் அந்தச் சொல்லை அப்படியே நம்பி வேலைக்குச் சேர்ந்தாள். மீனைக் குளிர்சாதன லாரிகளில் தெற்கே அனுப்பும் நிறுவனம் அது. ஓட்டுநர்களின் விடுப்பு, சம்பளச் சான்று, மருத்துவக் காப்பீடு எல்லாம் அவள் தலையில் விழுந்தன. கல்லூரி முடித்த கையோடு கிடைத்த முதல் வேலை. கொஞ்ச நாள் பார்த்துவிட்டுத்தான் நிரந்தரம் என்று சொல்லியிருந்தார்கள்.

வந்தவர்களுக்கெல்லாம் ஹாதிர் சொன்னாள். சொன்னதையெல்லாம் செய்யவும் கிளம்பினாள், அதுதான் வினையாகிவிட்டது. ஒன்றைக் கையில் எடுத்தால் இன்னொருவர் வந்து நிற்பார். அதைத் தொட்டால் தொலைபேசி அடிக்கும். மாலையில் பார்த்தால் எல்லாமே அரைகுறை. ஒருநாள் மேலாளர் மெத்ஹத் எல்லார் முன்னாலும் கத்தித் தீர்த்தார். கழிவறையில் அழுதுவிட்டு முகம் கழுவி வந்தவள் பக்கம், அடுத்த மேஜை ஷாதி தன் தேநீரை நகர்த்தி வைத்தான். அவளுக்குச் சற்று முன்னால் சேர்ந்தவன்; வாய் ஓயாதவன்.

"ஏம்மா, கேட்ட உடனே செஞ்சு குடுக்கப் பாக்கறியா நீ?"

"பின்ன? ஹாதிர்னு சொல்லிட்டேனே."

"அடி பைத்தியமே! ஹாதிர்னா 'நீ சொன்னது காதுல விழுந்துச்சு'ன்னு அர்த்தம். அவ்வளவுதான். மொத தடவை கேக்கறவன் சும்மா கேட்டு வைக்கறான். ரெண்டாவது தடவை வந்தா கொஞ்சம் தேவைன்னு வெச்சுக்கோ. மூணாவது தடவையும் வந்து மேஜையைப் பிடிச்சுக்கிட்டு நின்னான்னா, அவனுக்கு நெசமாவே அவசரம். அதை மட்டும் செய். மிச்சமெல்லாம் தன்னால காணாமப் போயிடும்."

"இது கேக்கறவங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாமயா திரும்பத் திரும்ப வராங்க?"

வெட்கக்கேடு என்னவென்றால், அந்த யோசனை பலித்தது. பாதிப் பேர் இரண்டாவது தடவை வரவே இல்லை. வந்தவர்களின் வேலை சுத்தமாக முடிந்தது. ரீஹாம் நேரத்துக்கு வீட்டுக்குப் போனாள்; சாப்பாடு தொண்டையில் இறங்கியது. "இப்பத்தாம்மா நீ ஆபீஸ் பொண்ணு மாதிரி இருக்கே" என்று மெத்ஹத்தே வாயாரச் சொன்னார்.

அந்தச் சமயத்தில்தான் பயூமி வந்தார். லாரி ஓட்டுநர், தெற்கே ஸொஹாக் பக்கத்து ஸயீதி. ஸயீதி, அதாவது தெற்கத்திக்காரன் என்றாலே அலெக்ஸாந்திரியாக்காரர்களுக்கு ஒரு இளக்காரம். சொன்னதைச் சொன்னபடியே எடுத்துக்கொள்ளும் மண்டுகள் என்று கதை கதையாகச் சொல்லிச் சிரிப்பார்கள். பயூமி தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, குரலைத் தாழ்த்திப் பேசினார்.

"மகளே, இடது கண்ணுல ஓரமா ஒரு கறுப்புத் திரை இறங்குது. உள்ள சவ்வு பிரியுதுன்னு டாக்டர் சொல்றாரு. இந்த வாரத்துக்குள்ள ஆபரேசன் பண்ணிப்புடணுமாம். காப்பீட்டுக்காரங்களுக்கு இங்கேருந்து ஒப்புதல் போகணும். அது போய்ச் சேந்ததும் ஆஸ்பத்திரியிலேருந்து என்னைக் கூப்பிடுவாங்க."

"ஹாதிர், பெரியப்பா. என் ரெண்டு கண்ணாலயும் செஞ்சு தரேன்."

அந்த ஊரில் எல்லாரும் எல்லாருக்கும் சொல்கிற உபசார வார்த்தைதான் அது. யாரிடம் சொல்கிறோம் என்று அவள் யோசிக்கவில்லை. பயூமி நெஞ்சில் கைவைத்து அவளை வாழ்த்திவிட்டுப் போனார்.

அன்றைக்கு மெத்ஹத் ஊக்கத்தொகை அறிக்கைக்காக அவள் மேஜைக்கும் தன் அறைக்குமாக நடந்துகொண்டிருந்தார். பயூமியின் காகிதங்கள் மேஜைமேல் இருந்த கோப்புத் தட்டுக்குப் போயின. அவற்றின் மேல் மற்றவை ஏறின. இடையில் ஒருமுறை அவளுக்கு நினைவு வரத்தான் செய்தது. அவசரமென்றால் வருவார் என்று மனம் உடனே பதில் சொல்லிவிட்டது.

அவர் வரவில்லை. வீட்டில் உட்கார்ந்து ஆஸ்பத்திரி அழைப்புக்குக் காத்திருந்தார். திரை பாதிக் கண்ணை மூடிய பிறகு, அவர் மனைவி கையைப் பிடித்து இழுக்காத குறையாக அழைத்துப் போனாள். ஒப்புதலே வரவில்லை என்றார்கள் அங்கே. அவசர அவசரமாகக் கத்தி வைத்தும் பார்வை திரும்பவில்லை.

செய்தி அலுவலகத்துக்கு வந்தபோது ரீஹாம் தட்டின் அடியிலிருந்து அவர் காகிதங்களை உருவி மேஜை நடுவில் வைத்தாள். யாராவது திட்டுவார்கள் என்று காத்திருந்தாள். ஒருவரும் திட்டவில்லை.

"ஒரு போன் பண்ணியிருக்கலாம்ல அந்த ஆளு?" என்றார் மெத்ஹத். "அவன் வாயில என்ன கொழுக்கட்டையா? நீ மனசைப் போட்டு உழப்பிக்காதே." அந்த வாரமே அவளை நிரந்தரமாக்கினார். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை என்றிருந்தது அவளுக்கு.

அதன்பின் அவள் மேஜைக்கு வருவது எல்லாருக்கும் தொல்லையானது. "எப்பக்குள்ள வேணும்? லேட்டானா என்ன ஆகும்?" என்று ஆளாளுக்குக் கேட்டாள். கெட்டுப்போகக் கூடியது எதுவோ அதை முதலில் எடுத்தாள். மற்றவர்களிடம், "இன்னைக்கு ஆகாது, புதன்கிழமை வாங்க" என்று முகத்துக்கு நேரே சொன்னாள். மெத்ஹத்திடமும் சொன்னாள். அவர் முகம் சுருங்கியது.

"நீ என்ன, போலீஸ் ஸ்டேஷன் நடத்தறியா?" என்றான் ஷாதி. அவள் சிரிக்கவில்லை. அவனும் பிறகு கேட்கவில்லை.

ஒருநாள் பயூமி வந்தார். ஒற்றைக் கண்ணால் பெரிய லாரி ஓட்ட விடமாட்டார்கள். பண்டகசாலை வாசலில் காவல் வேலைக்கு மாற்றித் தரச் சொல்லி மனு கொண்டுவந்திருந்தார். ரீஹாம் எழுந்து நின்றாள்.

"நான்தான் பெரியப்பா. உங்க காகிதம் எங்கிட்டதான் கெடந்துச்சு. நீங்க திரும்ப வந்து கேப்பீங்கன்னு இருந்துட்டேன்."

பயூமி அவளையே பார்த்தார். கோபம் தெரியவில்லை, புரியாத முகம்தான்.

"எதுக்கு வரணும்? நீதான் சரின்னு சொல்லிட்டியே, மகளே. மறுபடி வந்து கேட்டா, உன்னைப் பொய்க்காரின்னு சொன்ன மாதிரி ஆயிடாதா?"

அவள் மனுவை வாங்கி, உட்கார்ந்து, கையிலிருந்த மற்ற வேலையைத் தள்ளிவைத்துவிட்டுக் கணினியைத் திறந்தாள்.

"இப்பவே அனுப்பறேன் பெரியப்பா. நீங்க போகலாம்."

பயூமி போகவில்லை.

"செஞ்சுடுவியா?"

"செய்யறேன், பெரியப்பா."

அவர் ஓரடி முன்னால் வந்து மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். "மறந்துட மாட்டியே?"

"இதோ, உங்க கண்ணு முன்னாலயே..." என்று தொடங்கியவள் சட்டென்று வாயை மூடிக்கொண்டாள். படிவத்தில் அவர் பெயரை அடிக்கத் தொடங்கினாள். ஷாதி எழுந்து வெளியே போய்விட்டான். அவள் அதை அடித்து முடிப்பதற்குள், அவர் மூன்றாவது தடவையும் கேட்டார்.