தெறித்தால் தெறிக்கட்டும்

ஒரு வாய் தண்ணீர் குடித்தால் பாதி மூக்கு வழியாக வந்துவிடும் சின்னவனுக்கு. மேல் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிய இடத்தில் விழுந்த ஓட்டை, சைனஸ் அறை வரைக்கும் போய்விட்டது. ஒழுகுவதையாவது துடைத்துக்கொள்ளலாம். அந்த ஓட்டையிலிருந்து நாக்கில் சொட்டும் சீழ் இருக்கிறதே, செத்த எலியை வாயில் அடக்கி வைத்திருப்பது போல எந்நேரமும் குமட்டல்தான்.

ஒருமுறை கன்னத்துச் சதையை இழுத்துத் தைத்தார்கள். அவனோ உணவகத்தில் பரிமாறுகிறவன். சாப்பிடுகிறவர்கள் முன்னால் சத்தம் வரக்கூடாதென்று, மூக்கைப் பிடித்து வாயை மூடித் தும்மலை விழுங்கியே பழகியவன். அப்படி ஒன்றை விழுங்கினான். தையல் பிய்ந்தது.

"இப்ப கன்னத்துக்குள்ள இருக்கிற கொழுப்பை இழுத்து அடைச்சிருக்கேன்," என்றார் டாக்டரம்மா. "இதுவும் போச்சுன்னா மேலண்ணத்தை வெட்டித்தான் மூடணும். மூக்கைச் சிந்தாத. தும்மல் வந்தா வாயை நல்லாத் திறந்து தும்மு."

"எதிர்ல நிக்கிறவங்க மேல தெறிக்குமே டாக்டர்?"

"தெறிக்கட்டும்பா."

அறைக்குப் போய்க் கண்ணாடியில் பார்த்தவன், ஊரிலிருக்கும் அக்காவைக் கூப்பிட்டான்.

"அக்கா, கோழி கழுவுறப்ப மஞ்சளா ஒண்ணைப் பிச்சுப் போடுவியே, அது என் வாய்க்குள்ள இருக்கு."

"சீ! சாப்பிட்டுக்கிட்டிருக்கேன்டா, எருமை." வாயைத் திறந்துதான் தும்மணுமாம் என்பதையும் அவன் சொன்னான். "டேய், வேலை போனா இன்னொண்ணு பாத்துக்கலாம். இன்னொரு வாய்க்கு எங்கடா போவ?"

மறுவாரம் வேலைக்குப் போனான். மேனேஜரே நின்று ஒரு அம்மாளின் சூப்பில் மிளகுத்தூள் தூவிக்கொண்டிருந்தார். பக்கத்தில் தட்டோடு நின்றவனுக்கு மூக்கு குறுகுறுத்தது. கை தானாக மூக்குக்குப் போனது. பாதி வழியில் அதை இறக்கிவிட்டு, வாயை அகலத் திறந்தான்.

மேனேஜரின் வெள்ளைச் சட்டையில் எச்சிலும், ரத்தம் கலந்த சளியும், மருந்து நாற்றமும். அந்த அம்மாள் சூப்பைத் தள்ளிவிட்டு, வாயைப் பொத்திக்கொண்டு எழுந்தாள்.

"ச்சீ! நீயெல்லாம் ஒரு மனுஷனாடா? உள்ள போய்த் தட்டு கழுவு. இனிமே இந்தப் பக்கம் தலை காட்டாத!"

சின்னவன் உள்ளே ஓடினான். குழாயடியில் ஒரு வாய் தண்ணீரை விழுங்கிவிட்டுக் குனிந்து, மூக்கடியில் விரலை வைத்துக் காத்திருந்தான்.

விரல் நனையவில்லை.

"தட்டு கழுவச் சொன்னா அங்க என்னடா பண்ற?" என்று வெளியிலிருந்து கத்தல்.

"தண்ணி குடிக்கிறேன் சார்," என்று சொல்லிவிட்டு, இன்னொரு வாய் குடித்தான்.