ஒன்பதரை மில்லி பின்

மாமா ஆறு மணி பஸ்ஸில் வந்து இறங்குவார். இப்போது மணி இரண்டே கால். மாடிப்படிக்கு அடியில் போர்வை போர்த்திய அவருடைய பழைய சைக்கிள், இடது பெடல் துவண்டு தொங்க, சுவரில் சாய்ந்து நின்றது.

அவள் நோட்டைத் திறந்து எழுதினாள். ஒன்று, பின் வாங்க வேண்டும். இரண்டு, மாட்ட வேண்டும். மூன்று, போர்வையைப் பழையபடி போர்த்த வேண்டும். எழுதி முடித்ததும், நான்காவதாக ஏதோ விட்டுப்போயிற்றோ என்று மறுபடி மேலிருந்து படித்தாள். மாமா அவளுக்குப் 'பட்டியல்' என்று பெயர் வைத்தது சும்மா இல்லை.

திங்கட்கிழமையிலிருந்து அவளுக்கு அச்சகத்தில் வேலை. காலை ஆறு மணிக்குப் பாலத்துக்கு அந்தப் பக்கம் இருக்க வேண்டும். அந்த நேரத்துக்கு பஸ் கிடையாது. "ஏங்க, சும்மா நிக்கிற சைக்கிளை அவகிட்டதான் குடுங்களேன்" என்று அக்கா கேட்டதற்கு மாமா, "ஊருக்குப் போயிட்டு வந்து சொல்றேன். அதுவரைக்கும் யாரும் கை வைக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டுப் போனார்.

கை வைக்காமல் இருந்திருக்கலாம். ஆனால் பாலம் தாண்ட எத்தனை நிமிடம் ஆகும் என்று கணக்காகத் தெரியாமல் அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. நேற்று மாலை எடுத்தாள். போக இருபத்திரண்டு நிமிடம். திரும்பும்போது பாலத்து ஏற்றத்தில் எழுந்து நின்று மிதித்தாள், 'டக்' என்றது. பெடல் தண்டை அச்சோடு இறுக்கிப் பிடிக்கிற காட்டர் பின், சுண்டுவிரல் அளவுகூட இல்லாத சின்ன ஆப்பு, இரண்டு துண்டாகக் கிடந்தது. வீடுவரை தள்ளிக்கொண்டு வர ஒரு மணி பத்து நிமிடம்.

துண்டுகளைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு கிளம்பினாள்.

கண்ணாடிக் கதவு போட்ட முதல் கடையில் கியர் சைக்கிள்கள் நகைபோல மின்னின. விற்பனைப் பையன் துண்டைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தான். "இது சைக்கிள்ல வர்றதா? ஃபோன்ல தேடிப் பார்க்கலாம்க்கா. ஆர்டர் போட்டா பதினெட்டு நாள்ல வந்துரும்."

"எனக்கு மூணு மணி நேரம்தான் இருக்கு."

பஞ்சர் கடைக்காரர் ஒன்பது மில்லி பின்னை எடுத்துத் துண்டோடு ஒட்டி வைத்துப் பார்த்தார். அது ஓட்டைக்குள் லொடலொடவென்று ஆடும் என்று அவரே சொன்னார். "ஒன்பதரை இப்போ யாரும்மா வச்சிருக்கா? மொத்த செட்டையும் கழட்டிட்டுப் புதுசு போட்டுரலாம். செவ்வாய்க்கிழமை வா."

செவ்வாய்! அதற்குள் தலையே போய்விடும்.

மணி நாலரை. அக்கா ஃபோனில் கூப்பிட்டாள். "என்னடி, கிடைச்சுதா?"

"இல்லக்கா. மாமா வர்ற பஸ்ஸைக் கொஞ்சம் மெதுவா வரச் சொல்லேன்."

"சொல்றேன். டிரைவர் என் சித்தப்பாதானே!"

மார்க்கெட்டுக்குப் பின்னால், தண்ணீர் பம்பும் பூட்டும் பழுது பார்க்கிற கடைதான் பட்டியலில் கடைசி. கடைக்காரம்மா பிஸ்கட் டின் ஒன்றை மேசையில் கவிழ்த்து, விரலால் துழாவிக்கொண்டே, உடைந்த துண்டைப் பார்த்தார். பார்த்ததும் சிரித்துவிட்டார்.

"ஏம்மா, இது காட்டர் பின்னே இல்லையே. எவனோ ஒரு போல்ட்டை அரத்தால ராவி ஆப்பு மாதிரி பண்ணி வச்சிருக்கான். இத்தனை நாள் ஓடினதே பெருசு!"

அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. வெளியூரிலிருந்து வரவழைத்த அசல் பின் என்று மாமா மூன்று வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தது இதைத்தான்.

டின்னின் அடியிலிருந்து ஒன்பதரை கிடைத்தது. "நட்டு ஒரு பக்கம் மேலே பார்த்தா, இன்னொரு பக்கம் கீழே பார்க்கணும். மறந்துடாத" என்றார் கடைக்காரம்மா. அவள் எழுதிக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்து படிக்கு அடியில் குந்தியபோது ஐந்தே முக்கால். நோட்டைப் பார்த்தாள். ஒன்று மேலே, ஒன்று கீழே. அதெப்படி? ஒரே சைக்கிளில் இரண்டும் ஒரே மாதிரி இருப்பதுதானே ஒழுங்கு? அவசரத்தில் தப்பாக எழுதிவிட்டோம் என்று தன் கையெழுத்தையே நம்பாமல், வலது பக்கத்தைப் பார்த்து அதே மாதிரி இடது நட்டையும் மேலே பார்க்க வைத்துச் சுத்தியலால் தட்டி இறுக்கினாள். போர்வையை இழுத்துவிட்டாள்.

மாமா வந்தார். பெட்டியை அக்கா கையில் திணித்துவிட்டு நேரே போர்வையை விலக்கினார். சைக்கிளைச் சந்துக்கு இறக்கி ஏறினார். நாலே மிதி. இறங்கிவிட்டார்.

"பட்டியல்! இங்க வா."

அவள் போனாள். காது சுட்டது.

"முட்டி நெஞ்சை இடிக்குது. சீட்டை யாரு இறக்கினது? இடது கால் ஒரு ஊருக்குப் போகுது, வலது கால் இன்னொரு ஊருக்குப் போகுது. என்ன பண்ணின?"

விட்டுப்போன நான்காவது, சீட்டு. "எடுத்தேன் மாமா. பாலத்துல உடைஞ்சுது. வேற பின் போட்டேன்."

மாமா குனிந்து பார்த்தார். கோபம் வரும் என்று அவள் காத்திருந்தாள். அவர் பின்னை விரலால் தடவினார்.

"ஒன்பதரையா?"

"ஆமா."

"இந்த ஊர்ல கிடையாதே. ஏறி இறங்காத கடை பாக்கியில்ல. எங்க கிடைச்சுது?"

"உங்களுக்குத்தான் வெளியூர்லேர்ந்து வருமே மாமா."

கதவருகே நின்ற அக்கா களுக்கென்று சிரித்தாள். மாமா அக்கா பக்கம் திரும்பாமல் சுத்தியலைக் கேட்டு வாங்கினார். பின்னைத் தட்டிக் கழற்றி, நட்டு கீழே பார்க்கத் திருப்பிப் போட்டார். "ரெண்டும் ஒரே பக்கம் பார்த்தா பெடல் நேர்கோட்டுல நிக்காது. யாரும் சொல்லலையா?"

"சொன்னாங்க. எழுதியும் வச்சேன். நான்தான் நம்பல."

"எந்தக் கடை?"

"திங்கக்கிழமை ஆறு மணிக்கு நான் அச்சகத்துல இருக்கணும் மாமா." நோட்டை மூடி மார்போடு வைத்துக்கொண்டாள்.

மாமா சந்துக்கோடிவரை ஓட்டிப் பார்த்துவிட்டு வந்தார். ஸ்பேனரை எடுத்துக்கொண்டு எதிரே ஓடினாள்.

"சீட்டை ஏத்திடவா மாமா?"

"எதுக்கு? திங்கக்கிழமை மறுபடி இறக்கவா?" சட்டைக் கையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "வலது பக்கமும் நான் ராவினதுதான். அது எப்ப போகுமோ. கடையை எத்தனை மணிக்கு மூடுவாங்க?"

அவள் நோட்டைப் புரட்டினாள். "ஏழரைக்கு."

மாமா அதற்குள் சைக்கிளைத் தெருப்பக்கம் திருப்பியிருந்தார்.