பின்னால் ஓடுபவை

ஐஸ் பெட்டியின் பிளக்கை ரஞ்சிதா பிடுங்கினாள். பெட்டியின் உறுமல் நின்றதும் ஒப்பாரியும் நின்றுபோனது. அந்த இடத்தில் அவள் கம்ப்யூட்டர் வயரைச் செருகி நிமிர்வதற்குள் மாமா வெள்ளைச்சாமியின் கை கன்னத்தில் விழுந்தது. சும்மா அறை இல்லை. கம்மல் பிய்ந்து காது கிழிந்தது.

"அண்ணன் பொணம் கெடக்கு, உனக்குக் கம்ப்யூட்டரு கேக்குதா? நீயெல்லாம் ஒரு பொம்பளையாடி?"

"இன்னும் நாலு அடி வேணும்னாலும் அடிங்க மாமா. வயரத் தொட்டீங்க, கைய ஒடிச்சுப்புடுவேன்."

மாமாவை எதிர்த்து அவள் இதுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை. கூடத்தில் இருந்த பெண்கள் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டார்கள்.

ஓசூர் மூக்கண்டப்பள்ளியில் அன்று பராமரிப்புக்காகக் காலையிலிருந்தே கரண்ட் இல்லை. பெட்டியை வாடகைக்குக் கொண்டுவந்த, பக்கத்துத் தளி ஊர்க்காரர் முனிராஜ் கூடவே ஒரு சின்ன ஜெனரேட்டரும் கொண்டுவந்திருந்தார். அது ஒன்றைத்தான் தாங்கும். இரண்டையும் மாட்டிப் பார்த்ததில் இருமி இருமி நின்றுவிட்டது. பெட்டியா, கம்ப்யூட்டரா என்று ஆனபோது ரஞ்சிதா யாரையும் கேட்கவில்லை.

"ஏம்மா, ரொம்ப நேரம் ஆஃப்ல இருந்தா வாசன வந்துரும்மா," என்றார் முனிராஜ், பயந்துகொண்டே.

"வரட்டும்ணா. எங்கண்ணன்தான."

கௌதம் செத்தது முந்தின நாள். சிப்காட் தொழிற்பேட்டையில், கார் பாகங்களுக்குத் தகடு அடிக்கும் பிரஸ்ஸில். ஆள் உள்ளே கையை நீட்டினால் மிஷின் தானே நின்றுவிடும். அதற்கென்று முன்னால் ஒரு சென்சார் உண்டு. அதைக் கம்பியால் கட்டிப்போட்டால் நிற்காமல் அடிக்கும், அன்றைய டார்கெட் முடிந்துவிடும். சிக்கிய தகட்டை எடுக்கக் குனிந்தவன்மேல் பிரஸ் இறங்கியது. கழுத்துக்கு மேல் துணியைச் சுற்றித்தான் ஆஸ்பத்திரியில் கொடுத்தார்கள். முகத்தைக் காட்டச் சொல்லி அம்மா வீரலட்சுமி அழுதாள். காட்ட முகம் இருந்தால்தானே காட்டுவார்கள்? சட்டைப் பையில் இருந்த போனும் அவனோடு நொறுங்கிவிட்டது.

வெளியே பந்தலில் கம்பெனி ஆள் ராஜேஷ்குமார் உட்கார்ந்திருந்தான். காலையில் அவன் வந்த காரின் கண்ணாடியைத் தெருப் பையன்கள் கல்லால் அடித்து உடைத்திருந்தார்கள். ஒரு சில்லு நெற்றியைக் கிழித்திருந்தது. கர்ச்சீப்பை அழுத்திப் பிடித்துக்கொண்டு, கல்லுப்பிள்ளையார் மாதிரி அசையாமல் இருந்தான். சென்சாரைக் கட்டியது கௌதம்தான், தப்பு அவனுடையதுதான் என்று அப்பா சௌந்தரராஜன் எழுதிக் கொடுக்க வேண்டும். பிணம் எடுப்பதற்கு முன்னால் வேண்டும்.

அதற்கு அப்பாவைக் கரைத்துக்கொண்டிருந்தது வெள்ளைச்சாமி. அருப்புக்கோட்டையிலிருந்து இந்தக் குடும்பத்தையே ஓசூருக்குக் கூட்டிவந்தவர் அவர்தான். அதே கம்பெனியில் சூப்பர்வைசர். கௌதமை வேலைக்குச் சேர்த்துவிட்டதும் அவர்தான்.

"போட்டு விடுங்க மச்சான். பெரிய எடத்தோட மல்லுக்கட்ட முடியுமா? போனவன் திரும்பியா வரப்போறான்?"

அந்தப் பேச்சைக் கேட்டபடியே ரஞ்சிதா கம்ப்யூட்டரை ஆன் செய்தாள். ஞாயிற்றுக்கிழமை அண்ணன் அவளிடம் சொல்லியிருந்தான்: "சென்சார கட்டுறது யாருன்னு வீடியோ எடுத்து வச்சிருக்கேன்டி. அம்மாகிட்ட மூச்சு விட்றாத." மேனேஜராக இருக்கும் என்று அவள் நினைத்துக்கொண்டாள். அவன் வீட்டுக்குள் வந்தாலே போனில் உள்ள படமெல்லாம் தானாகக் கம்ப்யூட்டருக்கு வந்துவிடும். வீடியோ இதற்குள்தான் இருக்கிறது. அப்பா கையெழுத்துப் போட்டுவிட்டால் அப்புறம் இருந்தென்ன, இல்லாமல் என்ன?

கோப்பு கண்ணில் பட்டது. திறக்கத்தான் மாட்டேன் என்றது. அம்பு வட்டமாகச் சுற்றியது. பழைய ஹார்ட் டிஸ்க் உள்ளே கரகரவென்று அரைத்துக்கொண்டிருந்தது, சிவப்பு விளக்கு அணையவே இல்லை. காதிலிருந்து ரத்தம் சொட்டி கீபோர்டில் விழுந்தது. தாவணியால் துடைத்துவிட்டு, என்னென்ன ஓடுகிறது என்று காட்டும் பட்டியலைத் திறந்தாள். டிஸ்க், நூறு சதவீதம். எது அதிகம் தின்கிறதோ அது மேலே வரும்படி அந்தத் தலைப்பைத் தட்டினாள்.

முதலில் வைரஸ் பார்க்கும் புரோகிராம். ஜெனரேட்டர் நின்று நின்று வந்ததில் எல்லாவற்றையும் முதலிலிருந்து சோதித்துக்கொண்டிருந்தது. நிறுத்தினாள். அதற்குக் கீழே அண்ணன் விளையாடும் கார் ரேஸ், முன்பே இறங்கியிருந்த புதுப்பிப்பைப் பிரித்துக்கொண்டிருந்தது. யாருக்காகவாம், சனியன். நிறுத்தினாள். அப்புறம் ஒரு படம், இறங்கியிருந்த பாதியைச் சரிபார்த்துக்கொண்டிருந்தது. அம்மா பார்க்கணும் என்று கேட்ட படம். ரஞ்சிதாவின் விரல் தயங்கியது.

"சௌந்தரராஜன் சார், இங்க ஒரு கையெழுத்து, அவ்ளோதான்," என்று வெளியே ராஜேஷ்குமாரின் குரல் கேட்டது.

படத்தை நிறுத்தினாள். அப்போதும் நூறு.

எல்லாவற்றுக்கும் மேலே இப்போது ஏறி நின்றது படங்களைக் கொண்டுவரும் அந்தப் புரோகிராம். கௌதமின் போனைத் தேடிக்கொண்டிருந்தது. கிடைக்காததால் உள்ளே இருந்த படங்களையெல்லாம் ஒவ்வொன்றாகப் புரட்டி, முடித்து, மறுபடியும் முதலிலிருந்து தேடியது. 'கௌதம் போன்: காத்திருக்கிறது' என்று எழுதியிருந்தது.

"வரமாட்டான்," என்று அதனிடம் சத்தமாகச் சொன்னாள் ரஞ்சிதா. சொல்லிவிட்டு உடைந்து அழுதாள். அழுதுகொண்டே அதையும் நிறுத்தினாள்.

கரகரப்பு அடங்கியது. நூறு, நாலுக்கு இறங்கியது. வீடியோ திறந்துகொண்டது.

பிரஸ் தெரிந்தது. சென்சாருக்குப் பக்கத்தில் ஒருவர் முதுகைக் காட்டிக் குனிந்திருந்தார். ஒரு கையில் கட்டிங் பிளேயர், இன்னொரு கையில் கம்பி.

"எதுக்கு மாமா கட்டுறீங்க? கை போயிரும் மாமா." அண்ணனின் குரல்.

"டார்கெட்ட உங்கப்பனா வந்து அடிப்பான்? கட்டியாச்சு. மூடிக்கிட்டு ஓட்டுடா!"

பேசியவர் திரும்பினார். வெள்ளைச்சாமி.

அவர் முகத்தில் ரஞ்சிதா வீடியோவை நிறுத்தினாள். அதற்குள் அந்தக் குரல் கூடத்தைத் தாண்டி வெளியே போய்விட்டது. வெள்ளைச்சாமி செருப்போடு உள்ளே ஓடிவந்து கம்ப்யூட்டரை எட்டி உதைத்தார். அதன் பெட்டி சுவரில் மோதித் தெறித்தது, திரை இருண்டது. இரண்டாவது உதை விழுவதற்குள் அம்மா வந்துவிட்டாள். தம்பியின் சட்டையைக் கொத்தாகப் பிடித்து, அவர் தலையைக் கதவு நிலையில் மோதினாள்.

"எம்புள்ளையவாடா! தோள்ல போட்டு வளத்தியேடா பாவி, எம்புள்ளையவாடா!"

"எல்லாருந்தான் கட்டுறாங்கக்கா... கட்டலைன்னா என்னைய வெளிய அனுப்பிருவாங்கக்கா..." மூக்கிலிருந்து ரத்தம் கொட்ட அவர் கைகூப்பினார். அம்மா அடிப்பதை நிறுத்தவில்லை. யாரும் தடுக்கவும் இல்லை. அவள் கையில் இருந்த இரண்டு வளையலும் உடைந்த பிறகுதான் ஓய்ந்து உட்கார்ந்தாள்.

அப்பா வாசலில் நின்றிருந்தார். கையில் பேனா மூடி கழற்றியபடி இருந்தது. அதை ராஜேஷ்குமாரின் சட்டைப் பையில் செருகினார்.

"கெளம்புங்க தம்பி. அப்புறம் எம்மேல வருத்தப்படக் கூடாது."

ராஜேஷ்குமார் உடைந்த காரில் ஏறிப் போனான். ரஞ்சிதா வயரை உருவி, ஐஸ் பெட்டியின் பிளக்கை மறுபடியும் மாட்டினாள். உதை வாங்கிய கம்ப்யூட்டரை மடியில் வைத்து, ஸ்க்ரூ டிரைவரால் திறந்து, ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றினாள். சூடாக இருந்தது. பிழைத்திருக்கிறதா, செத்துவிட்டதா என்று தெரியாது. துண்டில் சுற்றி இடுப்பில் செருகிக்கொண்டாள்.

வெயில் சாய்ந்தபோது குளிப்பாட்டி முடித்தார்கள்.

"தாய்மாமன் கோடி போடணும், வாங்க," என்று பந்தலிலிருந்து யாரோ வழக்கப்படி கூப்பிட்டார்கள். கூப்பிட்டவர் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

வெள்ளைச்சாமி எழுந்து வந்தார். புது வேட்டியைப் பிரித்து இரண்டு கையாலும் ஏந்தியிருந்தார். முகம் வீங்கி, ஒரு கண் மூடியிருந்தது. தாய்மாமன் கோடி விழாமல் பிணம் எடுப்பதில்லை. ஊர் மொத்தமும் அம்மாவைப் பார்த்தது.

அம்மா எழுந்தாள். உள்ளே போனாள். கொடியில் கிடந்த தன் பழைய சேலையை எடுத்துவந்து, மகன் மேல் விரித்து, கால் பக்கம் இழுத்து மூடினாள்.

"தூக்குங்க," என்றாள்.

தூக்கினார்கள். தெரு முனையில் பறைச் சத்தம் திரும்பியது. பந்தலில் வெள்ளைச்சாமி மட்டும் வேட்டியை ஏந்திய கைகளை மடக்காமல் நின்றுகொண்டிருந்தார்.