எல்லாக் கட்டத்திலும் டிக்

ஷிப்ட் தொடங்கி ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. பாட்டில் சோதிக்கும் பெல்ட்டின் ஓரத்தில் தொங்கிய தாளில், மணிக்கொன்றாக இருந்த எட்டுக் கட்டங்களிலும் அவள் டிக் போட்டு முடித்தாள். பாட்டில் ஓட ஆரம்பித்துவிட்டால் பேனாவைத் தொட முடியாது. எல்லோரும் அப்படித்தான். அந்த வித்தையைச் சொல்லிக்கொடுத்ததே அவள் புருஷன். இதே ஆலையில் இருபத்தாறு வருடம் பாய்லர் பார்த்தவர்.

அவருக்குப் பக்கவாதம் வந்து நான்கு மாதம். வலது கை விழுந்திருந்தது; கால் மெல்லத் திரும்பிக்கொண்டிருந்தது. பேச்சு வந்துவிட்டது, பேசுவதுதான் இல்லை. ஜன்னலைப் பார்த்துப் போட்ட நாற்காலியைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். “குடுத்து வச்ச மகராசன், உக்காந்த இடத்துல சாப்பாடு” என்பாள் எதிர்வீட்டுக்காரி. நேற்று படுக்கையை உதறியபோது தலையணைக்கு அடியில் ஒரு வார மாத்திரை சேர்ந்திருந்தது.

இன்று ஆஸ்பத்திரியிலிருந்து பயிற்சி கொடுப்பவர் வரும் நாள். அவரிடம் சொல்லிவிட வேண்டும். பதினொன்றிலிருந்து ஒரு மணி நேரம் அனுமதி வாங்கிக்கொண்டு வீட்டுக்கு ஓடினாள்.

பயிற்சிக்காரர் ஏற்கெனவே வந்து, புருஷனைக் காலைத் தூக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு, சுவரில் ஒட்டிய அட்டவணையின் முன் நின்றிருந்தார். நடை, கைப்பயிற்சி, சாப்பாடு, தூக்கம். எல்லாம் டிக்.

“நல்ல முன்னேற்றம்மா. இதோட முடிச்சுக்கலாம்.”

அவள் விரல் வைத்துக் காட்டினாள். இன்று புதன். புருஷன் இடது கையால் போட்ட டிக் சனிக்கிழமை வரை இருந்தது.

“இவர் எந்திரிக்கறதே இல்ல தம்பி. வச்ச சாப்பாடு வச்சபடி இருக்கு. மாத்திரையும் முழுங்கறதில்ல. தனியா உக்காந்து அழறாரு.”

பயிற்சிக்காரர் தன் கையிலிருந்த தாளைப் புரட்டினார். “அழறதுக்கு இதுல கட்டம் இல்லம்மா. அதுக்கு வேற டாக்டர், வேற சீட்டு. எனக்கு இன்னும் ஒம்பது வீடு கெடக்கு.” கையெழுத்துப் போட்டுவிட்டுப் படியிறங்கினார்.

அவள் நாற்காலியருகே குந்தினாள். “ஏங்க இப்படிப் பண்ணீங்க?”

புருஷன் சுவரிடம் சொன்னார். “கோளாறுன்னு எழுதினா ஆள் மேல ஆள் வருவான். எல்லாம் சரின்னு போட்டா ஒருத்தனும் வரமாட்டான்.”

அவர் கைக்கு எட்டாதபடி மாத்திரைகளையெல்லாம் அள்ளிப் பையில் போட்டுக்கொண்டாள். அரைமணிக்கொரு தரம் எட்டிப் பார்க்கும்படி எதிர்வீட்டுக்காரியிடம் கெஞ்சிவிட்டுத் திரும்பினாள்.

ஆலையில் அவள் இடத்தில் யாரும் நிற்கவில்லை. பாட்டில்கள் யாரும் பார்க்காமலே ஓடிக்கொண்டிருந்தன. சூப்பர்வைசர் அவளுடைய தாளைக் கையில் வைத்திருந்தார். பதினொன்று முதல் பன்னிரண்டு வரையிலான கட்டத்திலும் டிக் இருந்தது. பத்து நிமிடம் தாமதம் என்று முணுமுணுத்தபடி, எட்டுக் கட்டங்களுக்கும் கீழே கையெழுத்துப் போட்டார்.