வெங்காயப் பாத்தியும் ஐந்து நாளும்

கிழக்கு வெளுக்கும்போதே அந்த உரும்பிராய்த் தோட்டத்தில் ஒன்பது பெண்கள் குந்தியிருந்து வெங்காயம் கிண்டத் தொடங்கிவிட்டார்கள். பனியில் ஊறிய செம்மண் நகக்கண்ணுக்குள் ஏறி அப்பிக்கொண்டது. கிண்டி, மண் உதறி, தாளோடு பிடிபிடியாகக் கட்டி வரம்பில் வைக்க வேண்டும். குந்தினபடியே நகரவும் வேண்டும். ஒருத்தி நிமிர்ந்து இடுப்பைப் பிடித்தால் முதலாளி சண்முகநாதன் கிணற்றடியில் நின்றே செருமுவார். அவர்களில் ஒருத்தியான கேதீஸ்வரி பதினான்கு வருடமாகக் கேட்டுவரும் செருமல் அது.

இந்தத் தோட்டத்துக்குள் சும்மா நுழைந்துவிட முடியாது. படலையடியில் மேற்பார்வைக்காரி குணலட்சுமி நிற்பாள். யாருக்கு எந்தத் தேதியில் மாதவிடாய் என்று கலண்டரில் புள்ளி போட்டு வைத்திருக்கிறாள். தேதி கிட்டினால், "பிள்ளை, சுத்தமோ?" என்று கேட்பாள். துடக்கோடு ஒருத்தி கால் வைத்தால் வெங்காயம் அழுகிவிடும் என்பது முதலாளி வீட்டு நம்பிக்கை. ஐந்து நாள் வேலை இல்லை, கூலியும் இல்லை. மூக்கைப் பொத்திக்கொண்டு அடிக்கிற பூச்சிமருந்தையெல்லாம் அந்த வெங்காயம் தாங்கும். பதினேழு வயதுப் பெண்ணின் துடக்கை மட்டும் தாங்காதாம். நல்ல வெங்காயம்தான்.

கோயில் திருவிழா வந்தால் மாதவிடாய் நாளைத் தள்ளிப்போடக் குளிசை போடுவது ஊர்ப் பெண்கள் எல்லாருக்கும் தெரிந்த விஷயம். அதைத் தோட்டத்துக்குக் கொண்டுவந்தவள் கேதீஸ்வரிதான். அறுவடை நாளில் ஐந்து நாள் கூலி போனால் அடுப்பு எரியாது. குளிசையின் பேர் சொன்னால் மருந்துக்கடையில் எடுக்கலாம், டொக்டரின் துண்டு கேட்கமாட்டார்கள். தனக்கென்று வாங்கியவள், பக்கத்து வளவுப் பதினேழு வயதுப் பிரசாந்திக்கும் ஒரு அட்டை கொடுத்தாள். தகப்பன் இல்லாத பிள்ளை, தாய் நெஞ்சு வருத்தக்காரி. ஒரு அட்டையோடு நிற்பாள் என்று கேதீஸ்வரி நினைத்தாள். அவளோ அட்டைக்கு மேல் அட்டையாக இரண்டு மாதம் விழுங்கியிருந்தாள். முந்தாநாள் குளிசை முடிந்துபோனது. வாங்கக் கையில் காசில்லை.

அன்று காலை, கட்டின பிடிகளை அள்ளிக்கொண்டு எழும்பிய பிரசாந்தி, எழும்பிய இடத்திலேயே சரிந்தாள். செம்மண்ணில் இரத்தம் உடனே தெரியவில்லை. கேதீஸ்வரி தூக்கப் போனபோதுதான் பாவாடை முழுக்க நனைந்து கணுக்கால் வரை வழிந்திருப்பதைக் கண்டாள். பிள்ளையின் உதடு வெளிறிப்போய்க் கிடந்தது. சண்முகநாதன் ஓடிவந்தார்.

"எந்தப் பாத்தியிலை விழுந்தவள்?" என்று கேட்டார்.

ஓட்டோ பிடித்துக் கொடுத்ததும் அவர்தான், அதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனால் ஓட்டோ திரும்ப முன்னமே அந்தப் பாத்திக்கு மஞ்சள் தண்ணீர் தெளிக்க ஆள் அனுப்பிவிட்டார்.

ஆஸ்பத்திரியில் இரத்தம் ஏற்றினார்கள். என்ன குளிசை, எத்தனை நாள் என்று தாதி சாருஜா கேட்டபோது பிரசாந்தி கேதீஸ்வரியைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் குற்றச்சாட்டு இல்லை, காட்டிக்கொடுக்கக்கூடாது என்ற கவனம்தான் இருந்தது.

"நான்தான் மிஸ் குடுத்தனான்," என்றாள் கேதீஸ்வரி. தோட்டத்தில் நாள் கேட்கிற கதையையும் சொன்னாள்.

சாருஜா ஏசவில்லை. டொக்டர் பார்த்துக் கொடுக்க வேண்டிய குளிசை இது, தொடர்ந்து போட்டுவிட்டு நிறுத்தினால் இப்படித்தான் இரத்தம் கொட்டும், ஏற்கெனவே இரத்தம் குறைந்த உடம்பு, இன்னும் பிந்தியிருந்தால் கையை விட்டுப் போயிருக்கும் என்றாள். பிறகு குரலைத் தணித்து, "நாளைச் சொல்லித்தான் வேலைக்கு இறங்க வேணுமெண்டு உங்களுக்குச் சட்டம் வைச்சது ஆர்? நீங்கள் ஏன் அதுக்கு மறுமொழி சொல்லுறியள்?" என்று கேட்டாள். பதினான்கு வருடத்தில் இப்படி ஒரு கேள்வி கேதீஸ்வரிக்குத் தோன்றியதே இல்லை.

கொஞ்சம் கண்ணயர்ந்த பிரசாந்தி கண்ணைத் திறந்ததும், "அக்கா, நாளைக்கு வராட்டி என்னை நிப்பாட்டிப்போடுவினமோ?" என்றாள்.

கேதீஸ்வரி பின்னேரமே மற்றப் பெண்களின் வீடு வீடாகப் போனாள். இன்னும் நாலு பேரிடம் குளிசை அட்டை இருந்தது. ஒருத்தி அரிசி வாளிக்குள்ளிருந்து எடுத்துக் காட்டினாள், இன்னொருத்திக்கு வயது பதினாறு. தான் செய்த பிழையை ஒவ்வொரு வாசலிலும் நின்று சொன்னாள். வெட்கமாகத்தான் இருந்தது. விடிய ஒருத்தியும் நாள் சொல்லாமல் படலையடியில் குந்திவிடுவோம் என்றாள். வேலை போனால் என்ன செய்வது என்று அழுதவர்களும் உண்டு. ஆனால் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தும் அந்தப் பிள்ளை கேட்டதைச் சொன்னபோது, வரமாட்டேன் என்று ஒருத்தியும் சொல்லவில்லை.

மறுநாள் விடிய வானம் கறுத்துக்கொண்டு வந்தது. கிண்டின வெங்காயம் பாதி இன்னும் வெளியில் கிடந்தது. எட்டுப் பேரும் படலையடியில் வந்து நின்றார்கள். குணலட்சுமி, "சுத்தமோ?" என்று கேட்டாள். மறுபடி கேட்டாள். எட்டுப் பேரும் வேலியோரம் நிலத்தில் குந்திவிட்டார்கள்.

சண்முகநாதன் வந்தார். "என்ன விளையாட்டு இது? மழை வருகுது, தெரியேல்லையோ?"

கேதீஸ்வரி எழும்பினாள். "தெரியுது ஐயா. இனி நாங்கள் நாள் சொல்லமாட்டம். அது எங்கடை உடம்பின்ரை அலுவல். செய்யக்கூடின ஆள் செய்வா, ஏலாத ஆள் கூலியோடை இருப்பா. கிணத்தடியிலை கதவு போட்ட கக்கூசு ஒண்டு வேணும். பிரசாந்தி சுகமாகி வந்தால் அவளின்ரை வேலை அவளுக்குத்தான்."

"என்ரை காணிக்கு வந்து எனக்கே சட்டம் படிப்பிக்கிறியோ? வெங்காயம் அழுகினால் நீயோ பொறுப்பு?"

"போன போகம் மூண்டு நாள் துடக்கை மறைச்சுக்கொண்டு நான் கிண்டினனான். அழுகினதோ? நல்ல விலைக்குத்தானே சுன்னாகம் சந்தையிலை வித்தனீங்கள்."

அவருக்கு முகம் கறுத்தது. பக்கத்துக் கோப்பாயில் ஆட்களுக்குக் குறைவில்லை, ஒரு போன் போதும் என்று எடுத்துக் கதைத்தார். அந்தப் பக்கம் நீண்ட நேரம் ஏதோ சொன்னார்கள். இங்கே இறங்க வேண்டாமென்று கோப்பாய்ப் பெண்களுக்குக் கேதீஸ்வரி முதல்நாளே சொல்லி அனுப்பியிருந்தாள். அவர்கள் வருவார்களோ வரமாட்டார்களோ, அவளுக்கும் நிச்சயமில்லை.

"குணம், உனக்கென்ன, நீ இறங்கு. ஏலுமானதை அள்ளு," என்றார் முதலாளி.

குணலட்சுமி பாத்தியைப் பார்த்தாள். பிறகு படலையைத் திறந்துகொண்டு வெளியே வந்தாள்.

"எனக்கு அது நிண்டு ஆறு வருசம் ஐயா. துடக்கெண்டு நீங்கள் என்னைத் தள்ளேலாது. ஆனால் உந்தப் பிள்ளையின்ரை நாளைக் கலண்டரிலை போட்டு வைச்சது நான். என்னாலை இறங்கேலாது."

கேதீஸ்வரி திரும்பவும் நிலத்தில் குந்தி, கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டாள். குணலட்சுமி கையூன்றி அவளுக்குப் பக்கத்தில் குந்தினாள். முதல் தூறல் விழுந்தது. சண்முகநாதன் காதில் வைத்த போனோடு வானத்தையும் வேலியோரத்தையும் மாறிமாறிப் பார்த்தார். ஒருத்தியும் எழும்பவில்லை.