பிடுங்கிய படிக்கட்டு

மூன்றாம் மாடியிலிருந்து படிக்கட்டை இரண்டு விரலால் பிடுங்கி மேசைமேல் வைத்தார் கட்டட முதலாளி சென்னியப்பன், தீப்பெட்டி அளவு வெள்ளை அட்டை, கட்டட வரைவாளர் கோகிலவாணியின் ஆட்கள் ஆறு வாரம் வெட்டி ஒட்டிய கட்டட மாதிரியின் ஒரு துண்டு, கோயம்புத்தூரின் நடுவில் பழைய தியேட்டர் நின்ற இடத்தில் முப்பத்தொரு மாடி எழப்போகிறது, கீழே மூன்று மாடி கடைகள், அதன்மேல் அலுவலகங்கள், அதற்கும் மேலே இருநூறு வீடுகள், ஏனுங்கம்மா, இந்த எடத்துல ஜவுளிக்கடைக்காரரு முகப்புக் கேக்கறாரு, வரைபடத்துல படி இருக்கட்டும், அனுமதி வந்ததும் சுவரு வெச்சு மூடிக்கலாம், இன்னொரு படிதான் இருக்குதுங்களே, இன்னைக்கே கையெழுத்துப் போட்ருங்க என்றார் அவர், அவள் பேனாவைத் திறந்தாள், திறந்ததும் புகை வாசனை வருகிறது, வராது என்று அவளுக்குத் தெரியும், இது அவருடைய அலுவலகம், ஏழாவது மாடி, காலை பதினொரு மணி, ஆனாலும் வருகிறது, பதினொரு வருடத்துக்கு முந்தைய தீபாவளிக் கூட்டம், திருப்பூரில் அவள் முதன்முதலாக வரைந்த நான்கு மாடிக் கடைவளாகம், தங்கைக்குப் புடவை எடுக்கத் தனியாகப் போயிருக்கிறாள், கீழே ஜெனரேட்டர் அறையில் தீ, விளக்குகள் அணைகின்றன, எல்லோரும் முன்படிக்கு ஓடி ஒருவர்மேல் ஒருவர் விழுகிறார்கள், அவள் கத்துகிறாள், இந்தப் பக்கம் வாங்க, பின்னால ஒரு படி இருக்குது, நாந்தான் வரைஞ்சேன், நம்பி வாங்க, நம்பி வந்தார்கள், பத்தொன்பது பேர், அவளுடைய முந்தானையைப் பிடித்துக்கொண்டு ஒரு பெண், அக்கா விட்டுட்டுப் போயிராதீங்கக்கா, அக்கா, கடைசிப் படியில் இரும்புக் கதவு, வெளிப்பக்கம் பூட்டு, திருட்டுக்குப் பயந்து உரிமையாளர் போட்டது, உடைக்க இருபது நிமிடம் ஆயிற்று என்று பிறகு சொன்னார்கள், கதவு திறந்தபோதும் முந்தானை அந்தக் கைக்குள்தான் இருந்தது, விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தது யார், தீயணைப்புக்காரரா, அவளேதானா, விசாரணை முடிந்து வரைபடத்தில் பிழையில்லை என்று எழுதினார்கள், பிழையே இல்லை.

என்னங்கம்மா, கையெழுத்து என்கிறார் சென்னியப்பன், அவள் பேனாவை மூடினாள், சார், லிஃப்ட் வேண்டாம், எங்கூட இந்த ஆபீஸ் படியிலயே எறங்கி வாங்க, கீழ போய்ப் பேசலாம் என்றாள், அவர் சிரித்தார், அறுபத்தெட்டு வயது, முழங்கால் வலி, இருந்தும் ஏதோ வீம்பில் எழுந்தார், ஆறாவது மாடி தாண்டியதும் வெளிச்சமில்லை, ஐந்தாவதில் வழியுமில்லை, அவருடைய நிறுவனத்தின் போன வருடத்து விளம்பரப் புத்தகங்கள் பெட்டி பெட்டியாக, மேலே உடைந்த நாற்காலிகள், யாருடா இதை இங்க போட்டது என்று அவர் கத்தினார், குரல் கீழே போனது, யாரும் வரவில்லை, பக்கவாட்டில் திரும்பி நுழையப் பார்த்தார், வயிறு இடித்தது, மூச்சு வாங்கப் படியிலேயே உட்கார்ந்துவிட்டார், அப்போதுதான் அவள் சொன்னாள், வீட்டில்கூடச் சொல்லாததை, திருப்பூர்ல தீப்பிடிச்சப்போ நான் வரைஞ்ச பின்படிக்கு நான் கூப்பிட்டுத்தான் வந்தாங்க சார், பத்தொன்பது பேரு, கதவு வெளிய பூட்டிக் கெடந்துது, ஒருத்தி செத்துப்போனா, அவர், அந்தப் புள்ள பேரென்னங்க என்றார், சௌடேஸ்வரிங்க, இருவத்தாறு வயசு.

அந்தப் படிய மூட வேண்டாமுங்கம்மா என்றார் மெதுவாக, மூடாம இருந்தாப் பத்தாது சார், நாளைக்கு யாராவது ஒரு பூட்டுப் போட்டாப் போதும், மறுபடி அதேதான், வெளிச்சுவரோட ஒட்டித் திறந்த படியாப் போடறேன், கதவே இல்லாம, ரோட்டுல போறவங்க கண்ணுக்குத் தெரியற மாதிரி என்றாள், ஜவுளிக்கடைக்காரரு போயிருவாருங்களே, போவாரு சார், வேற ஆளைத்தான் பாக்கோணும், அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார், கோபமா, களைப்பா, அந்த இருட்டில் தெரியவில்லை, சுவரைப் பிடித்து எழுந்தார், முன்னாலிருந்த பெட்டியைத் தூக்கப் பார்த்தார், அசையவில்லை, வரைஞ்சு கொண்டாங்க, அவருகிட்ட நான் சொல்லிக்கறேன், மொதல்ல அந்தப் பக்கம் புடிங்கம்மா என்றார்.